நல்லக்கண்ணு எடுத்த முதல் குடம்

நல்லக்கண்ணு சீனாக்காரனிடம் பல்லை இளித்துக்கொண்டு ஆட்டம் போட்டவன் என்று தென்காசியில் இன்னமும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட. போன வாரம்கூட என் கடை வாசலில் ஓசிப் பேப்பர் படிக்கும் ஒரு பெரிய மனுஷன் அதையே சொன்னான். பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்" என்று அனுப்பி வைத்தேன். நல்லக்கண்ணு செத்து ஒரு வருஷம் ஆகிறது. செத்தவனுக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் அகமது கபீர். தென்காசி ரயிலடிக்கு எதிரே பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கிறேன். நானும் நல்லக்கண்ணுவும் கீழப்புலியூரில் அடுத்தடுத்த தெரு. அஞ்சாம் கிளாஸ் வரை ஒரே பெஞ்சு. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி கோமதியம்மாள்தான்.

ஆள் நல்ல உயரம். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. "கல்யாண வீட்டு வாசல்ல இவுகள நிறுத்திராதிய, வாரவன் சாப்பிடாமத் திரும்பிருவான்" என்று என் வீட்டுக்காரி ஹைருன் பீவி அவன் முகத்துக்கு நேரேயே கேலி செய்வாள். அதற்கும் சிரிக்க மாட்டான். ஆனால் சாவு வீடு என்றால் அவன்தான் முதல் ஆள். வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பது கிடையாது. பந்தல் போடுவதிலிருந்து நீர்மாலை எடுப்பது வரை கூடவே நிற்பான்.

நீர்மாலை எங்கள் ஆட்களிடம் கிடையாது. நாங்கள் மய்யித்தைக் குளிப்பாட்டும் முறை வேறு. ஆனாலும் தென்காசியில் பிறந்த எவனுக்கும் நீர்மாலை தெரியாமல் இருக்காது. பிரேதத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருகிற சடங்கு அது. செத்தவனின் மகன், அண்ணன் தம்பி, பங்காளிகள் எல்லோரும் சிற்றாற்றில் போய் முங்கி, ஈரத் துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு தலையில் வைத்து வருவார்கள். தலைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் பிடித்து விரித்து வருவார்கள். முன்னால் ஒருவன் சங்கு ஊதிப் போவான். முதல் குடம் எடுப்பது மகன். மகன் இல்லையென்றால் தகப்பன் வழிப் பங்காளி. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

இந்த முறை விஷயத்தில் நல்லக்கண்ணு ஒரு பிடிவாதக்காரன். ஒரு தடவை, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் செத்தபோது மகன் கொழும்பில் இருந்தான். அவசரத்துக்குச் செத்தவருடைய மனைவியின் அண்ணன் முதல் குடத்தைத் தலையில் தூக்கி வைத்துவிட்டார். ஆற்றுப் படியிலேயே நல்லக்கண்ணு மறித்துவிட்டான். "பொண்ணு குடுத்த வீட்டாளு முதல் குடம் எடுக்கப்பிடாது. எறக்கி வையும்" என்றான். பெரிய சண்டை. கடைசியில் கடையநல்லூரிலிருந்து ஒரு தூரத்துப் பங்காளியைக் கூட்டி வரும்வரை பிரேதம் கிடந்தது. ஊரே அவனைத் திட்டியது. அவன் அசையவில்லையே!

அப்போது அவன் புளியறையில் லாரிக்குத் தடி ஏற்றுகிற வேலையில் இருந்தான். செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், அவனோடு வேலை பார்த்த ஒருவன் தேக்குத் தடி உருண்டு நசுங்கிச் செத்தான். அடக்கம் பண்ணிவிட்டு வருகிறோம் என்று ஆட்கள் கேட்டதற்கு, லோடு ஏற்றிவிட்டுப் போங்கள் என்றான் காண்டிராக்டர். நல்லக்கண்ணு விட்டான் ஓர் அறை. போலீசுக்குப் போவார்கள் என்று பேச்சு வந்ததும் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, தேசத்துக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. இவன் ஒரு செத்தவனுக்காகச் சேர்ந்தவன்.

அங்கே இலத்தூர்ப் பையன் ஒருவன் கூட இருந்தான். பால்வண்ணநாதன் என்று பெயர். நல்லக்கண்ணுவுக்கு நேர் எதிர். வாய் மூடாது, சிரித்துக்கொண்டே இருப்பான். பழகிப் பார்த்து, பிடித்துப்போய், அறுபத்தொன்றில் லீவில் வந்து தங்கச்சியை அவனுக்குக் கட்டிக் கொடுத்தான். கோமதிக்கு வாழ்க்கை என்று கிடைத்தது இரண்டு லீவுதான். இரண்டாவது லீவில் ஒருநாள் மாப்பிள்ளையும் பொண்ணும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் என் கடைக்கு வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, ஒங்க கூட்டாளிய ஒரு தடவையாச்சும் சிரிக்க வச்சுட்டுத்தான் நான் சாவேன்" என்றான் பையன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று கோமதி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் சீனச் சண்டை வந்தது. கார்த்திகையில் ஒரே வாரத்தில் இரண்டு தந்திகள். இரண்டு பேரையும் காணவில்லை. பிறகு, நல்லக்கண்ணு சீனாக்காரனிடம் கைதியாக இருக்கிறான் என்று மட்டும் செய்தி வந்தது. பால்வண்ணநாதனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கோமதி தினமும் காலையில் மதராஸ் வண்டி வருகிற நேரத்துக்கு என் கடைக்கு வந்து நிற்பாள். படிக்கத் தெரியாது. "பேரு ஏதும் போட்டிருக்கா அண்ணாச்சி?" என்பாள். "இல்லம்மா" என்பேன். போய்விடுவாள். வேறெதுவும் அவள் கேட்டதில்லை, அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் நல்லக்கண்ணுவே சொன்னான். பட்டாளத்தை விட்டு வந்தபிறகு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தான். அருவிக்கரையில் போட்டோ எடுக்கிறவர்கள், வந்த ஜனங்களை நிறுத்திவைத்து, "சிரிங்க சார், கொஞ்சம் சிரிங்க" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் இவன் எழுந்து லாட்ஜின் பின்கட்டுக்குப் போய்விடுவான். சீசன் முடிந்து ஆளில்லாமல் கிடந்த ஒரு மத்தியானம், ஏன்லே இப்படி ஓடுகிறாய் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னான். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

திபெத்தில் ஏதோ ஓர் இடம். மண் சுவர் வீடுகள், தரையில் வைக்கோல், வெளியே பனி. பால்வண்ணநாதனுக்குக் காலில் குண்டு பட்ட காயம், அது அந்தக் குளிரில் அழுகிவிட்டது. மருந்து கொடுங்கள் என்று இவன் போய்ப் போய்க் கேட்டிருக்கிறான். நாளைக்கு, நாளைக்கு என்றிருக்கிறார்கள். பையன் கடைசி வரை பிதற்றாமல் தெளிவாகவே பேசிக்கொண்டிருந்தானாம். கோமதியைப் பற்றித்தான் பேச்செல்லாம். தை பிறந்து கொஞ்ச நாளில் இவன் மடியிலேயே போய்விட்டான். போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"செத்துட்டான்னு சொல்லப்பிடாதாம் கபீரு. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னுதான் சொல்லணுமாம். அவனுவ கைல ஒரு கைதிகூடச் சாவலன்னு உலகத்துக்குச் சொல்லிக்கிட்டு இருக்கானுவ. காயிதம் எழுதலாம்னா, தமிழ்ல எழுதுனா வாசிக்க ஆளில்லன்னு வாங்க மாட்டேங்கான். இந்திக்காரன வச்சு எழுதுனா, 'செத்துட்டான்'னு ஒரு வார்த்த இருந்தாக் கிழிச்சிருதான். நான் எப்படிலே கோமதிக்குச் சொல்லுவேன்?"

அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கைதிகளை நாங்கள் எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று ஊர் உலகத்துக்குக் காட்ட வேண்டுமாம். அன்றைக்குக் கறியும் வெள்ளைச் சோறும் போட்டார்களாம். சாப்பிடுவதைப் படம் எடுத்தார்கள், சீட்டு விளையாடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு, உங்கள் ஊர்த் திருவிழாவைக் கொண்டாடிக் காட்டுங்கள் என்றார்கள். பஞ்சாபிகள் வேண்டா வெறுப்பாகக் குதித்தார்கள். மதராசிகள் என்ன செய்வீர்கள் என்று இந்தி தெரிந்த சீனாக்காரன் கேட்டிருக்கிறான்.

நல்லக்கண்ணு எழுந்து நின்று, "எங்க ஊர்ல தண்ணித் திருவிழா உண்டு" என்றிருக்கிறான். அதற்கு ஒரு வெள்ளைப் போர்வை வேண்டும், தண்ணீர் எடுக்கப் பாத்திரங்கள் வேண்டும், ஓடைக்கரைக்கு விட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சீனாக்காரனுக்கு ஒரே சந்தோஷம். கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டான்.

கூட இருந்தவர்களில் மதுரைக்காரன், சேலத்துக்காரன், புனலூர் மலையாளி ஒருவன் என்று ஏழெட்டுப் பேர். சிலருக்கு நீர்மாலை என்றால் என்ன என்றே தெரியாது. அவர்களுக்கு இவன் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். தெரிந்ததும் ஒருவனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கண்டுபிடித்தால் என்ன செய்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஓடையில் ஐஸை உடைத்துத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்கள். அந்தக் குளிரில், அல்லாவே, ஈர உடுப்போடு நின்றிருக்கிறார்கள். கைதிகள் உற்சாகமாகக் குளிக்கிறார்கள் என்று போட்டோக்காரன் ஓடி ஓடி எடுத்தானாம். இவனுக்கு இடது கையில் இரண்டு விரல் அன்றைக்கு விறைத்ததுதான், பிறகு வெட்டி எடுக்கவேண்டி வந்தது.

முதல் குடத்துக்கு வந்ததும் இவன் கை நின்றுவிட்டது. குடமாவது, அலுமினியப் போணிதான். புனலூர்க்காரனுக்கு வழக்கம் தெரியும். "அண்ணாச்சி எடுக்கலாமோ? நிங்களு அளியன் அல்லே?" என்று கேட்டிருக்கிறான். அளியன் என்றால் மச்சான். நல்லக்கண்ணு நாலா பக்கமும் பார்த்திருக்கிறான். இலத்தூர் ரத்தம் அங்கே யாரிடம் இருக்கிறது? "தூக்கி வைலே என் தலைல" என்று சொல்லிவிட்டான்.

போர்வையை நாலு பேர் விரித்துப் பிடிக்க, புனலூர்க்காரன் கையைக் குவித்துச் சங்கு மாதிரி ஊத, இவன் முன்னால் நடந்தான். போட்டோக்காரன் வழியை மறித்து, சிரியுங்கள் சிரியுங்கள் என்று கையைக் காட்டினான். சிரிக்காவிட்டால் படம் எடுக்க மாட்டான். படம் எடுக்காவிட்டால் ஊருக்குச் செய்தி போகாது. "அதான் பல்லக் காட்டுனேன் கபீரு. மாப்ளைக்கு நீர்மாலை எடுத்துக்கிட்டு நான் பல்லக் காட்டுனேன்" என்றான். பால்வண்ணநாதன் படுத்திருந்த வைக்கோலில் அந்தத் தண்ணீரை எல்லோரும் ஊற்றினார்கள். இது யாருக்கு என்று கேட்ட சீனாக்காரனிடம், மழைச் சாமிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் எழுதிக்கொண்டு போனானாம்.

அந்தப் படம் மாசி மாதம் எங்கள் பேப்பரில் வந்தது. சீனாக்காரன் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கெல்லாம் கொடுத்ததை இவர்களும் எடுத்துப் போட்டிருந்தார்கள். "தங்கள் ஊர்த் திருவிழாவைக் கொண்டாடும் இந்தியக் கைதிகள் என்று பீகிங் சொல்கிறது" என்று கீழே போட்டிருந்தது. கட்டைப் பிரித்ததுமே கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, நம்ம நல்லக்கண்ணுலே இது!"

"சிரிக்கான் பாருலே! இவன் சிரிச்சு யாராச்சும் பாத்திருக்கியளா?"

"நம்ம பொம்பளைய கழுத்துல கெடந்ததக் கழத்தி யுத்த நிதிக்குக் குடுக்காளுவ. இவன் அங்கன திருவிழாக் கொண்டாடுதான். தூ!"

இதைச் சொன்னவன் படத்தைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நகர்ந்தான். இன்றைக்கு வரை ஊரில் பேசித் திரிவது அவனும் அவன் கூட்டாளிகளும்தான். மற்றவர்கள் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போர்வையின் மேல் விரலை வைத்தான். விரல் அப்படியே கீழே இறங்கிக் குடத்துக்கு வந்தது, பிறகு ஈர உடுப்புக்கு வந்தது. நீர்மாலை. அங்கே செத்திருப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் இலத்தூர்ப் பையனின் முகம்தான் கண்ணில் வந்தது.

கோமதி அன்றைக்குக் கடைக்கு வந்தபோது பேப்பரை மறைத்துவிட்டேன். ஆனால் மறைத்து என்ன செய்ய? சாயங்காலம் பால்வண்ணநாதனின் அண்ணன் ஞானசம்பந்தம் இலத்தூரிலிருந்து அதே பேப்பரோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எந் தம்பி போய்ட்டாம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷர். தம்பி மேல் உயிர். நானும் ஹைருனும் ஓடினோம். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். கோமதி அழவில்லை. பேப்பரை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"நீர்மாலதான். சரி" என்றாள். "முதல் குடம் யாரு தலைல இருக்கு?"

"ஒங்க அண்ணன் தலைலதாம்மா."

"அவுகளுக்கு நீர்மாலன்னா எங்க அண்ணன் எப்படி முதல் குடம் எடுப்பான்? அவன் பொண்ணு குடுத்தவன்லா? பங்காளிதான எடுக்கணும்?"

"அந்தத் தேசத்துல பங்காளிக்கு எங்கம்மா போவான்?" என்றார் ஞானசம்பந்தம்.

"பங்காளி இல்லன்னா எடுக்காம இருந்திருப்பான். வேற ஆள எடுக்கச் சொல்லித் தள்ளி நின்னிருப்பான். ஜவுளிக்கடைக்காரரு வீட்டுப் பொணத்தப் பொழுதடைய வரைக்கும் போட்டு வச்சது யாரு? எங்க அண்ணன் செத்தாலும் முறை தப்ப மாட்டான். இது யாரோ எங்க பங்காளி முறைல உள்ள ஆளு. பாவம், அவன் பொண்டாட்டி எங்கன இருக்காளோ. அவுக உசுரோடதான் இருக்காக."

நல்லக்கண்ணுவை அறிந்தவர்கள்தானே எல்லோரும். இவள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஞானசம்பந்தம் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லுத மாதிரியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வழியில் ஆள் பார்க்க அழுதுகொண்டே போனாராம்.

அதற்குப் பிறகு அவள் பட்டபாடு இருக்கிறதே, அந்தப் பாடு என் பகையாளிக்கும் வேண்டாம். தினமும் தலை சீவி, பிச்சிப்பூ வைத்து, முன்னைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே வருவாள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும், போனதும் "பூவப் பாரு, மினுக்கப் பாரு" என்று தொடங்கும். ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொடப்போனவளை, "நீ இருட்டி, அவ எடுக்கட்டும்" என்று ஒரு கிழவி கையைத் தட்டிவிட்டாள். கோமதி திரும்பி வந்து எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். ஹைருன் பொறுப்பாளா? அந்தக் கிழவியைப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் ராத்திரிச் சோறு தின்னவில்லை. "அந்தப் புள்ளைக்கு யாருதான் சொல்லுதது?" என்று என்னிடம் கேட்டாள். "நீ சொல்லேன்" என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோமதி பெட்டியில் இருந்த அவன் வேட்டி சட்டையை மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். "பூச்சி அரிச்சிரும்லா மைனி" என்பாள் ஹைருனிடம். வெயிலில் அந்த வேட்டி காய்கிற நாளில் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக் கடைக்குப் போவேன்.

சித்திரைக் கடைசியில் கைதிகளை விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. ஆனால் நல்லக்கண்ணு உடனே வரவில்லை. வடக்கே ஒரு முகாமில் வைத்து விசாரித்தார்களாம். பேப்பரில் வந்த அதே படத்தை மேஜையில் போட்டு, எதிரிக்காகத் திருவிழா நடத்தினாயா என்று ஒரு வடக்கத்தி அதிகாரி கேட்டிருக்கிறார். இவன் தன் பட்டாளத்து இந்தியில் நீர்மாலையை எப்படி விளக்குவான்? ஒரு தமிழ் கிளார்க்கைப் பிடித்துச் சொல்ல வைத்தபிறகுதான் அந்த அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தாராம். இவனுக்கு அதில் ஒரு நிம்மதி. படம் ஊருக்குப் போயிருக்கிறது, தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும், சடங்கெல்லாம் இலத்தூரார் முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். மனசைத் தேற்றிக்கொள், வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன் என்று மட்டும் ஒரு கார்டு போட்டான். கோமதி அதை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "நம்மள நெனச்சு அங்கன எவ்வளவு கவலப்பட்டிருக்கான் பாத்தியளா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. மலைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டது. சீனாக்காரன் பிடியிலிருந்து மீண்ட வீரன் என்று ஊர்ப் பிரமுகர்கள் நாலைந்து பேர் மாலையோடு வந்திருந்தார்கள். பேண்டு வாத்தியம் வேறு. கோமதி ஹைருனோடு வந்தாள். அரக்குச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. ஹைருன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி நின்றது. நல்லக்கண்ணு இறங்கினான். பாதியாகிவிட்டிருந்தான். பேண்டு முழங்கியது, மாலை மேல் மாலையாகப் போட்டார்கள். அவன் கூட்டத்துக்குள் தங்கச்சியைத் தேடினான். பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கபீரு, படம் இங்க வரலியா?"

"வந்துது."

"இவ பாத்தாளா?"

"பாத்தா."

"பெறவு ஏம்லே பூ வச்சிருக்கா?"

அதற்குள் கோமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணனைத் தொட்டுப் பார்த்தாள், விரல் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் கண் மட்டும் அவனைத் தாண்டிப் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "அவுக பின்னால வாராகளாண்ணே? லீவு கெடைக்கலியோ?" என்றாள். அவன் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "சரி, வீட்டுல போய்ப் பேசிக்கிடுவோம்" என்று அவன் கைப்பையை வாங்கப் போனாள். அவன் விடவில்லை. "விடுட்டி, நான் தூக்குதேன்" என்றான். "அப்படி என்னத்த எனக்குத் தெரியாம வாங்கிட்டு வந்திருக்க?" என்று சிரித்துக்கொண்டே அவள் இழுத்தாள். பையின் வாய் பிரிந்தது. மேலாக ஒரு புதுச்சேலை, கடைக் காகிதம் சுற்றியபடி. காகிதம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே வெள்ளை.

தாலி இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது அண்ணன் தம்பி. வேறு யார் போட்டாலும் அது கோடி ஆகாது. அந்த முறையை விடக் கூடாது என்று மதராஸில் இறங்கி வாங்கி வந்திருக்கிறான் மடையன்.

கோமதி சேலையைத் தொட்டாள். எடுக்கவில்லை.

"கோடியாண்ணே?"

"ஆமாட்டி."

"அப்ப அந்தக் குடம்?"

"மாப்ளைக்குத்தாம்ட்டி. முறை தப்பித்தான் எடுத்தேன். ஒனக்குத் தெரியணும்னுதான் எடுத்தேன். ஊருக்கே தெரிஞ்சுது, ஒனக்குத் தெரியாமப் போச்சே!" கழுத்தில் அத்தனை மாலையோடு அவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான் பாவிட்டி. நாலு மாசமா ஒன்னைய இந்தக் கோலத்துல நிக்க வச்சுட்டேனே. ஊரு ஒன்னைய என்ன பேச்சுப் பேசிருக்கும்!"

ஹைருன் அவளைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கோமதி அண்ணனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, அவன் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"வேற எவனாச்சும் முறையா எடுத்திருந்தாம்னா, மாசி மாசமே இந்தச் சேலைய நான் கெட்டிருப்பேன். நீ எடுத்ததுனால நாலு மாசம் கூடுதலா எனக்குப் புருசன் இருந்தாக. ரெண்டு லீவு, பெறவு இந்த நாலு மாசம். அவ்வளவுதான எனக்கு. அழாதண்ணே."

பேண்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நான்தான் ஓடிப்போய், "நிறுத்துங்கலே!" என்று கத்தினேன்.